அரக்கு

பாம்பார்புரம் இறக்கத்தில் இன்றைக்குப் பதினோராவது வீடு.
வரைபடத்தில் இரண்டு அறை, விளம்பரப் பலகையில் ஆறு.
தினவாடகைக்கு உரிமம் இல்லை.
மூன்று முறை நோட்டீஸ் ஒட்டினோம்,
மூன்றையும் மழைதான் படித்தது.

என் வேலை அரக்கு உருக்குவது.
சணல், மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி, நகராட்சி முத்திரை.
இந்த மூடுபனியில்
எட்டுக் குச்சி நமத்துப்போய் ஒன்பதாவது பற்றும்.

உள்ளே திருப்பூர்க் குடும்பம் ஒன்று
ஈரத்துணியை ஈரமாகவே பையில் திணிக்கிறது.
"ரெண்டு ராத்திரிக்குக் கட்டியிருக்கோம் சார்.
ஒண்ணுதான் தூங்கியிருக்கோம்."
அவர்களிடம் ரசீது, எங்களிடம் உத்தரவு.
பையன் அரக்குக் கட்டியைப் பார்த்து
சாக்லேட்டா என்கிறான்.

அறைகளை எண்ணச் சொன்னார் லூர்துராஜ் சார்.
அடுப்படி இருந்த இடத்தில் கட்டில்,
கட்டில்மேல் அன்னமாக மடித்த இரண்டு துண்டுகள்,
விறகு மூலையில் வெந்நீர்த் தொட்டி.
ஆறு, என்றேன்.

வாசற்கதவு சாத்த மாட்டேன் என்றது.
சார் தள்ளினார். வாட்ச்மேன் தோளால் முட்டினார்.
"தூக்கி, கொஞ்சம் இடப்பக்கமா இழுங்க" என்றேன்.
சாத்திக்கொண்டது.
உனக்கெப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்:
மலையில் எல்லாக் கதவும் மழைக்கு ஊதும் சார்.

ஒரு சித்திரைக்கு மட்டும் காலி பண்ணிக்கொடு தம்பி,
சீசன் முடிந்ததும் வந்துவிடு என்றார் வீட்டுக்காரர்.
மாதத்துக்கு நான் கொடுத்த நாலாயிரத்து ஐநூறை
ராத்திரிக்குக் கொடுக்க ஆள் இருந்தது.
சீசன் முடியவே இல்லை.

கொடியில் பதினாறு பெட்ஷீட்.
துவைத்த செபஸ்தியம்மாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று
"இது சீலுக்கு உள்ளயா, வெளியயா?" என்கிறார்.
உத்தரவில் அதற்கு வரி இல்லை.
"நாளையிலேர்ந்து நான்?"
அதற்கும்.

ஒரு சொட்டு கட்டைவிரலில் விழுந்து உறைந்தது.
முத்திரையைத் தேவைக்கு மேல் அழுத்திவிட்டேன் போல.
எழுத்து நசுங்கி,
இரண்டாம் தரம் உருக்க வேண்டியதாயிற்று.

பெருமாள்மலைக்கு ஆறேகால் பஸ்.
சோறு போடும்போது பவுலின் கேட்டாள்,
இன்னைக்கு எந்த வீடு.
"தூக்கி இழுக்கணுமே, அது."
கரண்டி நின்றது.
"சாத்திச்சா?"
"சாத்திச்சு."

குழம்பை ஊற்றினாள்.
அரக்கு சோற்றில் படாமல்
கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துச் சாப்பிட்டேன்.