பதினோரு பேர்

மோங்கு ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
கரையான் தின்றது போக மிஞ்சிய ஆய்வறிக்கைகளை
தாள் தாளாக ஸ்கேனரில் கவிழ்க்கிறேன்.
கரண்ட் பத்து மணிக்கு வரும்.
வந்தால், ஒரு மணிவரை.

சாம்பேசி வெள்ளத்தில்
ஐஸ் பெட்டியில், ஓடத்தில் போன ரத்தம்
லுசாகா போய், கடல் தாண்டி,
ஏதோ ஒரு சஞ்சிகையில் பதினான்கு பக்கமானது.
திறந்து படிக்க முப்பத்தெட்டு டாலர் கேட்டது.
அந்தக் காசுக்கு இங்கே
மூன்று மூட்டை சோளமாவு.
மாவுதான் வாங்கினோம்.

எழுதிய டாக்டர் லிகாண்டோ
பதினாறு வருஷம் கழித்துத்
தன் பழைய பிரதியைத் தேடி அனுப்பினார்:
‘இதை எல்லோருக்கும் வைக்கலாம், தடையில்லை.’
தலைப்பு, ஆண்டு, ஆசிரியர்கள், நிரப்பிவிட்டேன்.
‘உரிமையாளர்’ என்ற கட்டத்தில் மட்டும்
கர்சர் வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தது.

மாத்திரை வாங்க வந்த நசிலேலே
வரிசை நகராத சலிப்பில் உள்ளே எட்டிப் பார்த்தாள்.
‘இது எங்க ஊர் ஆராய்ச்சியா?
நான் நாற்பத்தேழாம் நம்பர்.’

லோசியில் சொல்லச் சொன்னாள், சொன்னேன்.
கிருமி கண்ணுக்கே தட்டாத அளவுக்குக்
குறைந்தது என்ற இடத்தில்
‘அது எனக்குத் தெரியும்,
என் மூணாவது பிள்ளைக்குப் பதிமூணு வயசு’ என்றாள்.
மேலே படித்தேன்.
மூன்றாம் அட்டவணை. அடியில் பொடி எழுத்து:
பதினோரு பேர் தொடர்பில் இல்லாமல் போயினர்.

‘எங்கே போயினர்?’

குரலைத் தாழ்த்தி
ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்.
அவற்றை நான் இங்கே எழுதமாட்டேன்.
ஒருத்தி மேட்டுநிலத்தில் மீன் உலர்த்துகிறாளாம்.
ஒருவன் அங்கோலா எல்லையில் லாரிக்குக் கிளீனர்,
மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்கிறான்.
ஒருத்தி அந்த மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனாள்.
‘விட்டுட்டுப் போனது நாங்களா?
அந்த வருஷம் வெள்ளம் வாசல்வரை நின்னுது.
உங்க படகுதான் வரல.’

டாக்டரை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன்.
இரைச்சல் மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
பிறகு, ‘போடு.’

‘பெயர் எதுவும் போட்டுடாதே’ என்றாள் அவள்.
குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
இதுவரை யாரும் தொட்டதில்லை.
தட்டினேன்:
அந்த ஆண்டு வெள்ளத்தில் சிகிச்சைப் படகு
இக்கிராமத்துக்கு வரவில்லை.
தகவல்: ஆய்வில் பங்கேற்ற ஒருவர்.

மணி ஒன்றாக ஐந்து நிமிடம்.
சேமி. சக்கரம் சுற்றிச் சுற்றி
ஏறிவிட்டது.

அவள் திரையைப் பார்க்கவில்லை.
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள், ஆறு, ஏழு.
எட்டாவது யாரென்று நெற்றியைச் சுருக்கியபோது
மருந்து ஜன்னலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு கை முழுவதும்
மறு கையில் இரண்டு விரலுமாக
மடக்கியது மடக்கியபடியே
போனாள்.