இரண்டு மில்லிமீட்டர்

இரவு ஒன்று பத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள்.
கடைசிச் சரக்கு வண்டி டிராவ் ஆற்றைக் கடந்த அதிர்வு
பாலத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
நான்கு நாற்பது வரை பாதை எங்களுடையது.

ஓட்மார் ஒரு கட்டையின் கொண்டிகளைக் கழற்றினான்.
தண்டவாளம் அதை விட்டுவிட்டது. ஜல்லி விடவில்லை.
ஜாக்கியைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் தள்ளினோம்,
வரிசையில் நிற்பவனை முழங்கையால் நெருக்குவதுபோல;
முதலில் மரியாதையாக,
பிறகு அதுவும் இல்லாமல்.

போன ஜூலையில் இதே வளைவில்
முப்பத்தாறு டிகிரி.
இடைவெளி விடாமல் பற்றவைத்த இரும்பு
நீளப் பார்த்தது, நீள இடமில்லை,
ஒரு சாண் தெற்கே ஒதுங்கிக்கொண்டது.
பால் லாரி ஓட்டிவந்த ஸ்ட்ராவ்கோதான்
லெவல் கிராசிங்கில் பார்த்துவிட்டுச்
சட்டையைக் கழற்றி வீசி ஓடினான்.
வண்டி நின்றது.
அந்தச் சட்டை என்னவாயிற்று என்று
இன்னும் எங்களைத்தான் கேட்கிறான்.

“அடியில் தார் போட்டால் கல் வழுக்காதா?”
விசாரணையில் கேட்டார்கள்.
வழுக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.
சொல்லவில்லை.

வெறும் மண்மேல் முதல் கட்டை:
ஆறு கிலோநியூட்டனில் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தது.
கீழிருந்து ஏறிய சேறு
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே களிம்பாய்க் கிடந்தது.

இருநூறு மீட்டர் தள்ளி,
எட்டு சென்டிமீட்டர் தார்மேல் இன்னொன்று.
முள் ஏறியது, கட்டை சும்மா இருந்தது.
ஓட்மார் பம்பின் பிடியில் உடம்பையே சாய்த்தான்.
ஏழு. எட்டு.
“பிடிவாதக்காரி,” என்றான், கட்டையைத்தான்.
பத்தை நெருங்கும்போதுதான்
அந்த இரண்டு மில்லிமீட்டர்.

எண் காரணம் சொல்லாது.
கட்டையோரம் மண்டியிட்டுத் தோண்டினேன்.
அடிவரிசைக் கல் வரமாட்டேன் என்றது.
நெம்பினேன்.
உடம்பெல்லாம் சாம்பல் நிறம், குதிகால் மட்டும் கறுப்பு.
அது இருந்த இடத்தில், தாரில்,
ஒரு கடிதடம். ஈரமே இல்லை.

ஒரு கட்டை, ஒரு குளிர்ந்த இரவு.
இளகும் பருவத்தில் இதே தார்
கடியைத் தாங்குமா, கழன்று கொடுக்குமா?
ஜூலையில் மறுபடி தள்ள வேண்டும் என்று எழுதினேன்.
ஓட்மார் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்,
அவனுக்கு ஜூலையில் கல்யாணம்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு முதல் வண்டி.
ஜன்னலில் கன்னத்தை அழுத்தித் தூங்கிய ஒருத்தி
வளைவில் லேசாய்ச் சரிந்து
நேரானாள்.
என் கோட்டுப் பையில் அந்தக் கல்
இடுப்பை இடித்துக்கொண்டே வந்தது,
பக்கவாட்டில்.