நாலரைக்கு ஒன்று

சங்கத் தலைவர் கேட்டது ஒன்றுதான்:
"கடல் மாதிரி இருக்கணும்."
நானும் கடலைத்தான் கொடுத்தேன்.
வெள்ளைப் பின்புலம். அதன்மேல்
விடிகாலைத் தேவனாம்பட்டினத்தில்
கரையோரம் தெரியுமே, அந்த இளநீலத்தில் எழுத்து.
மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
திரைச்சீலை இழுத்த ஏசி அறையில்
அழகாக இருந்தது.
சத்தியமாக அழகாக இருந்தது.

கொண்டுபோய்க் காட்டியது பகல் பன்னிரண்டுக்கு.
ஏலம் முடிந்து ஐஸ் உருகி ஓடும் நேரம்.
அஞ்சலாட்சி போனை வாங்கி
வெயிலுக்கு முதுகு காட்டினாள்.
முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்
கூடாரம் போட்டாள்.
"விலை எங்க போட்டிருக்க?"
"நடுவுலதாங்க்கா."
"நடுவுல வெயில்தான் இருக்கு."
அவள் விரலிலிருந்து கண்ணாடியில் ஒட்டிய செதில்
என் எழுத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்து தேசப்பன்.
கடலுக்குப் போகலாம் என்றால் பச்சைப் புள்ளி,
கூடாது என்றால் சிவப்பு.
அந்தப் புள்ளிகளில் எனக்குக் கொஞ்சம் பெருமை.
நெடுநேரம் பார்த்துவிட்டு
"இதுல எது எது?" என்றார்.
"ரெண்டும் ஈர மணல் நிறம்."
இருபத்தாறு வருஷமாக விசைப்படகு ஓட்டுகிறவர்.
ரோட்டு சிக்னலில் என்ன செய்வீர்கள் என்றேன்.
"மேல எரிஞ்சா நிப்பேன். கீழ எரிஞ்சா போவேன்.
இடம் தெரிஞ்சா போதாதா, நிறம் எதுக்கு?"

அறைக்கு வந்து அளந்தேன்.
எழுத்தின் வெளிச்சத்துக்கும் பின்புலத்தின் வெளிச்சத்துக்கும்
எத்தனை பங்கு தூரம் என்று ஒரு கணக்கு உண்டு.
நாலரைக்கு ஒன்றாவது வேண்டும்.
என் கடல் ஒன்று புள்ளி எட்டு.
பாலில் மோரால் எழுதியிருக்கிறேன்.

அதுவரை என் எண்ணம்
உரக்கப் பேசாத நிறமே நாகரிகம் என்பது.
மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் ஆட்டோ.
வெள்ளையில் கறுப்பு என்றால்
கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி.

ஐப்பசி கடைசியில் முதுநகர்ப் பக்கம் போன நாள்
துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
மூன்றாம் எண்.
பஸ் ஜன்னலில் மழை வழிய வழிய
கம்பத்தைப் பார்த்தேன்.
சாம்பல் வானம், கரிய உருவம்,
வேறொன்றும் இல்லை.
பச்சையா சிவப்பா என்று அது யாரையும் கேட்கவில்லை.
என்றைக்கோ, எந்த ஊரிலோ, எவரோ ஒருவர்
தேசப்பனை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அன்றிரவு இளநீலத்தை அமிழ்த்தத் தொடங்கினேன்.
மூன்று. மூன்றே கால்.
நாலரையைத் தொட்டதும் நிறுத்தியிருக்கலாம்,
வெயில் ஞாபகம் வந்தது.
முப்பது பாகம் ஆழத்து நீலம்வரை இறக்கினேன்.
பதினொன்று.
பச்சைப் புள்ளியை எடுத்துவிட்டுப்
'போகலாம்' என்று எழுதினேன்.
சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில்
கறுப்பாய் ஒரு முக்கோணம், பக்கத்தில் 'போகாதீர்'.

தலைவர் முகம் சுளித்தார்.
"இதுல கடல் எங்கம்மா?"
"இது கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கற கடல்" என்றேன்.
நம்பவில்லை. காசோலையில் கையெழுத்து மட்டும் போட்டார்.

மறுவாரம், அதே வெயில்.
இடுப்பில் கூடை, கையில் போன்,
அஞ்சலாட்சி நடந்தபடியே படித்தாள்,
வஞ்சிரம் இவ்வளவு, சங்கரா இவ்வளவு,
நெத்திலி வரத்தில்லை என்று.
முந்தானை தோளிலேயே கிடந்தது.
பக்கத்தின் அடிக்கு வந்ததும் நின்றாள்.
கட்டைவிரலால் திரையைத் தேய்த்தாள்.
மறுபடியும் தேய்த்தாள்.

'வடிவமைப்பு: சம்ஷாத், மஞ்சக்குப்பம்.'
வெளிர் சாம்பலில், பொடி எழுத்தில்,
அடக்கமாக இருக்கட்டும் என்று நான் விட்டுவைத்தது.

"அது என் பேருக்கா."
"பேரா?
செதில்னு நெனச்சேன்."