கல்லைக் கரைத்துக் குடிக்கும் ஊர்

வூர்ஸ்பர்க்கில் குழாயைத் திறந்தால்
பாதி தண்ணீர், பாதி மலை.
கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு.
குளியலறைக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி.
காபி இயந்திரம் மூன்றாவது வருடம்
மூச்சடைத்துச் செத்தது.
சிப்பிச் சுண்ணாம்பு என்பார்கள் இந்தப் பாறையை.
டிராம் தண்டவாளம் இல்லாத காலத்தில்,
திராட்சைச் சரிவு இல்லாத காலத்தில்,
மனிதரே இல்லாத காலத்தில்
இங்கே கடல் கிடந்தது.
அதன் கிளிஞ்சல்களை மழை கரைத்துக் கரைத்து
மூன்றாம் மாடிக்கு ஏற்றி
என் குவளையில் ஊற்றுகிறது.

எனக்குப் பரவாயில்லை.
டிஸ்கஸ் மீன்களுக்குத்தான் ஆகாது.

அவை அமேசானைப் பார்த்ததில்லை,
பண்ணைத் தொட்டியில் பிறந்தவை.
உடம்பு மட்டும் எதையோ மறக்க மறுக்கிறது.
களிமண் கூம்பில் வரிசை பிசகாமல் இட்ட முட்டைகள்
மூன்றாம் நாள் வெளுத்துப் பூசணம் பூத்தன.
நான்கு முறை.

அப்புறம்தான் வாங்கினேன்.
சிங்க்குக்கு அடியில் மூன்று வெள்ளைக் குப்பிகள்:
பஞ்சு, கரி, கடைசியில்
சுருட்டி வைத்த அந்தச் சவ்வு.
நீலக் குழாயில் ஒரு வாளி நல்லது வர
கறுப்புக் குழாயில் நான்கு வாளி வேண்டாதது போகும்.
பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பவர்களைத் தெரியும்.
நான் தண்ணீரையே தண்ணீராய்ச் செலவழித்தேன்.
மீட்டரை நனைத்தால்
உள்ளே போவது அறுநூற்றுத் தொண்ணூறு,
வெளியே வருவது பதினொன்று.
அந்தப் பதினொன்றைப் பார்க்க
ஒரு நாளைக்கு ஆறு தடவை குனிந்திருப்பேன்.

நவம்பரில், டிராம் பணிமனையில் இரட்டை ஷிஃப்ட் முடித்து
குழாயைத் திறந்து வைத்து
ஷூவோடு தூங்கிப்போனேன்.

இரண்டரை மணிக்கு அழைப்பு மணி.
கீழ்வீட்டு பிரானிமிர், பேக்கரிக்காரன்,
ஊர் உறங்கும்போது விழிப்பவன்.
கையில் வாணலி, வாணலியில் தண்ணீர்.
"மழை பெய்தால் கூரை ஒழுகும், தெரியும்.
கோஸிமா, உனக்கு என்ன பெய்தது?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்:
மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால்
அந்த வாணலிக்குள் மீட்டரை விட்டேன்.
இருநூற்று நாற்பது.
ஒன்றுமே இல்லாத என் தண்ணீர்
ஒரு தளம் இறங்குவதற்குள்
அவன் கூரையைத் தின்றிருந்தது.

என்னிடம் இருந்த துண்டுகளெல்லாம், ஒரு குளிர்காலக் கோட்டும்.
பேசாமல் துடைத்தோம்.
பீப்பாயிலிருந்து ஒரு குவளை மொண்டு
குடித்துப் பார்த்தான்.
"உப்புமில்லை, சப்புமில்லை."

மீனுக்கும் அப்படியே கொடுத்தால் செத்துவிடும் என்றேன்.
கரண்டியால் அளந்து கொஞ்சம் உப்பு சேர்க்க வேண்டும்.
"எடுத்ததைத் திரும்பப் போடவா இத்தனை ஆர்ப்பாட்டம்?"
பதில் இருக்கிறது.
மூன்று மணிக்கு வரவில்லை.

ஐந்தாவது முறை முட்டைகள் வெளுக்கவில்லை.
அம்பர் நிறத்தில் இருந்து
கண்கள் வைத்து
வால் துடித்து
எட்டாம் நாள் தாயின் விலாவில் அப்பிக்கொண்டு
அவள் தோலில் சுரப்பதைக் கொத்தித் தின்றன.
அவள் அலுத்து ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தால்
மொத்தக் கூட்டமும் தந்தை மேல்.
எண்பதோ நூறோ,
எண்ணுவதற்கு நிற்பதில்லை.

பிரானிமிர் வேலைக்குப் போகும் வழியில்
மாடியேறி வருகிறான், நேற்றைய ரொட்டியோடு.
காப்பீட்டுக்காரர் படமெடுத்துப் போன கறை
இன்னும் அவன் கூரையில்,
விளிம்பு பழுத்த ஒரு பெரிய இலை.
வெள்ளையடிக்கலாம் என்கிறேன்.
அடிக்கலாம் என்கிறான்.

போகும்போது வேண்டாத தண்ணீரில் இரண்டு வாளி
தூக்கிப் போகிறான், பேக்கரித் தரை கழுவ.
காய்ந்தால் மெல்லிசாக வெள்ளை படியுமே என்றேன்.
மாவு கொட்டும் தரை, என்றான்,
யார் பார்த்தார்கள்
எது மாவு, எது கடல்.