பதினொரு மணிக்கு விடியும் கண்

கண்புரை எடுக்கும் முன்
அவரது கருவிழியின் உள்சுவரை எண்ணிப் பார்த்தேன்.
சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து.
இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

ஸ்டூரே மார்க்லுண்ட், எழுபத்தாறு வயது,
முப்பத்தொரு குளிர்காலம்
ஷெலெஃப்டியோ சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டியவர்.
"மிச்சப் பேர் எங்கே?" என்றார்,
வேலைக்கு வராத ஆட்களைக் கேட்பதுபோல.

கண் அழுத்தம் கொஞ்சம் தின்றது.
அதைத் தணிக்க நான் வைத்த குழாய் கொஞ்சம் தின்றது.
வயது தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது.

ஒற்றை வரிசைச் செல்கள் அவை.
ஓட்டைத் தோணியில் உட்கார்ந்து
இரவும் பகலும் நீர் இறைப்பவை.
ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பது
காலை அகட்டி அந்த இடத்தையும் பார்த்துக்கொள்ளும்.
புதிதாக ஒன்றும் பிறக்காது.

அன்று கண்மணி விரிய மறுத்தது.
லென்ஸின் விளிம்பெல்லாம் வெண்தூசி,
தாங்கும் நூல்கள் மக்கிப்போயிருந்தன.
புரையோ கல்.
காப்புக் கூழை இரண்டு முறை நிரப்பினேன்.
அதிரும் ஊசியைக் கருவிழிக்கு எட்டவே பிடித்தேன்.
எட்ட என்றால் இரண்டு மில்லிமீட்டர்.
செவிலி மெர்த்தா நேரம் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.
புது லென்ஸ் சரியாக உட்கார்ந்தது.
கை எங்கும் தவறவில்லை.
இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பது
கோப்பில் இல்லை.

ஆறு வாரம் கழித்து வந்தார்.
எழுந்ததும் எல்லாம் வெள்ளையாம்,
உள்பக்கம் துடைக்க முடியாத
வண்டிக் கண்ணாடி மாதிரி.
மூடிய இமைக்குள் இரவெல்லாம் நீர் கோத்து,
திறந்தபின் காற்று அதைச் சிறுகச் சிறுக உலர்த்தி,
பதினொரு மணிக்கு மேல்தான்
அடுப்பில் கெட்டில் தெரிகிறது,
கெட்டிலுக்கு அப்பால் ஜன்னல்,
ஜன்னலுக்கு அப்பால் உறைந்த ஆறு.

உப்புச் சொட்டு எழுதிக் கொடுத்தேன்.
ஊமியோ மருத்துவமனைப் பட்டியலில் பெயர் சேர்த்தேன்:
இறந்த ஒருவரின் கருவிழியிலிருந்து
வெங்காயச் சவ்வைவிட மெல்லிய ஓர் ஏடு.
"அவரிடம் எத்தனை பேர் இருப்பார்கள்?"
இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கலாம் என்றேன்.
விசிலடித்தார்.

கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
டிசம்பரில் சூரியனும் இங்கே தாமதம்தான்,
இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை,
இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட்.
ஜூனில்தான் சங்கடம், டாக்டர்.
இரவு இரண்டுக்கே வாசலில் வந்து நிற்கும்.
பதினொன்று வரை
அதை நான் காக்க வைக்க வேண்டும்.