ஒரு சதுர மீற்றர்

சனிக்கிழமை விடிய ஆறு மணி.
மல்லாவியில் குளக்கட்டுக்குக் கீழே
நாங்கள் ஏழு பேர்.
பிரதேச சபை இதைப் பூங்கா என்கிறது.
ஊஞ்சல் இரண்டு, ஒன்றுக்குப் பலகை இல்லை.
சறுக்குமரத்தின் அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது.
மிச்சமெல்லாம் பார்த்தீனியம்.

பூக்க முன்னம் பிடுங்கவேணும் என்று
விவசாயப் போதனாசிரியர் சொல்லிவிட்டுப் போனார்.
கையுறை தருவதாகவும் சொன்னார்.
சொப்பிங் பையைக் கையில் கட்டிக்கொண்டு பிடுங்குகிறோம்.
இரவில் முழங்கை வரை கடி.
போன் திருத்துகிற என் விரல்கள்
திங்கட்கிழமை திருகாணி பிடிக்க மறுக்கும்.
ஏன்தான் போறியள் என்பாள் மனைவி.
அங்கே பிளேன்டீ நல்லாயிருக்கும் என்பேன்.
வேறு பதில் இன்னும் அகப்படவில்லை.

யசோதினி குந்தியிருந்துதான் வேலை செய்வாள்.
இழுக்க மாட்டாள்.
முன்னால் ஒரு சாண் நிலம், அதை மட்டும் பார்ப்பாள்.
சுற்றிவர மண்ணைத் தளர்த்தி
ஆணிவேர் அறாமல் எடுத்துப் பக்கத்தில் வைத்து
பிறகே அடுத்த சாண்.
நாங்கள் வேலிக்கரை முழுவதும் முடித்துவிட்டு வர
ஒரு பாய் விரிக்கிற அளவுதான் அவள் முடித்திருப்பாள்.
அந்தப் பாயளவில் திரும்ப எதுவும் முளைத்ததில்லை.
எட்டு வருசம் மிதிவெடி எடுத்த கை.

பங்குனி மாதத்தில் ஒருநாள்
அந்தக் கை மேலே உயர்ந்தது.
"ஒருத்தரும் அசையாதேங்கோ."

இந்த மண்ணில்
அப்படி உயர்ந்த கைக்கு விளக்கம் தேவையில்லை.
றொபின்சன் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றான்.
என் முதுகில் வியர்வை இறங்குவது கேட்டது.

முட்டை.
சரளையோடு சரளையாய் நான்கு முட்டை.
அவன் குதிக்கும் அவற்றுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.
தலைக்கு மேல் ஆட்காட்டி கத்திக் கத்திச் சுழன்றது.
"அந்த நாளில உது கத்தினா..." என்று தொடங்கிய தவரூபன்
தேத்தண்ணிப் போத்தலைத் திறக்கப் போய்விட்டான்.

மறுநாள் அவள் நான்கு தடிகள் கொண்டுவந்து நட்டாள்.
சிவப்புப் பக்கம் முட்டைகளுக்கு,
வெள்ளைப் பக்கம் எங்களுக்கு.

நடைபாதைக்குக் கிரவல் ஏற்றிய ட்ரக்டர் வந்தது.
எண்பத்தாறு பேர் கையெழுத்து வைத்த எங்கள் மனுவைப்
படிக்காத சபையின் ட்ரக்டர்
நான்கு தடிகளைக் கண்டு நின்றது.
சாரதி இறங்கவுமில்லை, கேட்கவுமில்லை,
ரிவர்ஸ் அடித்தான்.
மல்லாவிப் பூங்காவில் பாதை அந்த இடத்தில்
இப்போதும் வயிறு தள்ளி வளைகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடியன் ஒருவன்
தூர நின்று கேட்டான்,
"அக்கா, வெடியோ?"
"ஓம். ஒரு மாசத்தில வெடிக்கும்."
அவன் ஓடியே போய்விட்டான்.
அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்,
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

ஒன்றைக் காகம் கொண்டுபோனது.
ஒன்று கூழ்.
மிச்சம் இரண்டும் சித்திரையில் ஒரு விடியற்காலை
ஈரம் காயாத கால்களோடு
சிவப்பைத் தாண்டி வெள்ளையைத் தாண்டி
தண்ணீர்ப் பக்கம் நடந்தன.
நாங்கள் யாரும் பார்க்கவில்லை.
நாய்க்குட்டிகளுக்குப் பிஸ்கட் வைக்க வந்த
கடைக்காரப் பத்திநாதர்தான் பார்த்தார்,
இரண்டா மூன்றா என்று அவருக்கும் சந்தேகம்.

அடுத்த சனி தடிகளைப் பிடுங்கினாள் யசோதினி.
குழிகளை மூடிக் காலால் மிதித்தாள்.
உள்ளே முதலில் தானே நடந்தாள்,
பழக்கம்.

ஒரு மாதமாக யாரும் கை வைக்காத அந்தச் சதுரத்தில்
முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியம்,
வெள்ளை வெளேரென்று பூத்து.

சொப்பிங் பையை எடுத்து
நான் கையில் கட்டத் தொடங்கினேன்.