ஒட்ஸுகரே, ஒன்று

வணிகர் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது:
ரக்பி பார்க்க வருகிறவர்கள்
பீரைத் தண்ணீராய்க் குடிப்பார்கள்,
பீப்பாய் தீர்ந்தால் ஊர் மானம் போகும்.
நோபுமாசா இரண்டு முறை படித்தார்.
ஒன்பது பேர் உட்காரும் கடைக்குப்
பதினாறு பீப்பாய் இறக்கினார்.
கடையில் நான்கு, மாடிப்படியில் ஏழு,
மிச்சம் ஐந்தும் குளியலறையில்.
அந்தப் பருவம் முழுக்க
முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் குளித்தேன்.

எனக்கு அவர்கள் பாஷை வராது.
உணவுப் பட்டியலைப் படமாக வரைந்தேன்.
கோழி கோழியாகவே வந்தது,
விலாங்கு மட்டும் பாம்பாகிவிட்டது.
கடைசிவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

முதல் இரவு ஐந்து பேர்.
சிவப்புச் சட்டை, வேல்ஸ்காரர்கள்.
முன்னால் வந்தவன் வாசல் துணியை விலக்கி
நிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு
நிலையிடமே மன்னிப்புக் கேட்டான்.
அப்போதே பிடித்துப்போயிற்று எனக்கு.
கெத்தின் என்று பெயராம்.
அவர்கள் கழற்றிவைத்த பத்துக் காலணிகளும்
புயலுக்குக் கரையேற்றிய படகுகள்.
நடுவில் என் செருப்பைக் காணோம்.

ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைத்தேன்,
எள் தூவி வதக்கிய கிழங்கு.
கேட்காமல் வருவது எங்கள் வழக்கம்,
பில்லில் ஏறுவதும் வழக்கம்.
இலவசமா என்று கைபேசியை நீட்டினான் ஒருவன்.
அது என் பதிலை என்னவாக்கியதோ,
ஐவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.
அதற்குப் பிறகு எந்த முகத்தோடு காசு கேட்பது?

போகும்போது மேசையில் ஆயிரம் யென் கிடந்தது.
மறந்துவிட்டார்கள் என்று நோபுமாசா
இடுப்புத் துணியோடு ரயில் நிலையம்வரை ஓடினார்.
இவர் நீட்ட, அவர்கள் தள்ள,
இவர் குனிய, அவர்களும் குனிய,
கடைசி ரயில் போய்விட்டது.
ஆறு பேராகத் திரும்பி வந்தார்கள்.
மூன்றாம் பீப்பாய் திறந்தது.

சனிக்கிழமை தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளி.
தொலைக்காட்சியில் பார்த்தேன்.
முன்னே ஓடுகிறவன் ஏன்
பந்தைப் பின்னால் வீசுகிறான் என்பது
இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.
மழையோடு வந்து உட்கார்ந்தார்கள்.
கிண்ணத்தை யாரும் தொடவில்லை.
அவ்வளவு பெரிய உடம்புகள்
அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தால்
கடையே சாய்கிற மாதிரி இருக்கிறது.

தோற்றவனிடம் என்ன சொல்ல?
வேலை முடித்துக் கையுறை கழற்றுகிறவரிடம்
நாங்கள் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு.
களைத்திருப்பீர்கள் என்றும் அர்த்தம்,
அதை நான் பார்த்தேன் என்றும் அர்த்தம்.
சூடான துவாலையைக் கெத்தின் கையில் வைத்து
ஒட்ஸுகரே என்றேன்.
முகத்தைத் துவாலைக்குள் புதைத்தான்.
வெளியே வர நெடுநேரமானது.
பிறகு ஒரு விரலை உயர்த்தி,
"ஒட்ஸுகரே. ஒன்று."

அடுக்களையில் நோபுமாசா வாயைப் பொத்திக்கொண்டார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த வார்த்தையைச் சமைத்தால் எப்படி இருக்கும்?
பானையடிச் சோறு கொஞ்சம் இருந்தது.
மத்தியானம் சுட்ட மீனை உதிர்த்துப் போட்டு
ஒரு புளிப்புப் பழத்தை நடுவில் வைத்து
கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றினேன்.
குடித்தான், மென்றான், அடியைச் சுரண்டினான்.
பக்கத்தில் நான்கு விரல்கள் உயர்ந்தன.

அடுத்த வாரம் ஃபிஜியிலிருந்து வந்த வசிட்டி
கைபேசியில் என் கிண்ணத்தின் படத்தைக் காட்டினாள்.
பின்னாலேயே உருகுவேக்காரர் இருவர்.
ஜெயித்தவர்களும் கேட்டார்கள்,
மறுக்க மனம் வரவில்லை.
பட்டியலில் ஒரு கிண்ணம், மூன்று கோடு ஆவி வரைந்தேன்.
விலை எவ்வளவு என்று நோபுமாசா மூன்று நாள் நச்சரித்தார்.

நவம்பரில் நிலை மட்டும் மிஞ்சியது,
அதில் யார் யாருடையவோ நெற்றி எண்ணெய்.
ஊர்க்காரர் எவரும் அந்தக் கிண்ணத்தைக் கேட்கவில்லை.
எவன் கேட்பான், அந்த வார்த்தையைக் காசுக்கு?

நேற்று, கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டு
ஓட்டுநர் உஷியாமா வந்தார்.
சுவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
விரல் விரலாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டே
"அது... ஒன்று" என்றார், என்னைப் பார்க்காமல்.

சோறு தீர்ந்துபோயிருந்தது.
அரிசி களைந்தபடி சொன்னேன்,
அரைமணி ஆகும், அதுவரை பீர் குடியுங்கள்,
குளியலறையில் இன்னும் இரண்டு பீப்பாய் இருக்கிறது.